நாயோட கேம்பிங் போகணுமா? முதல்ல வீட்ல ஒரு சாக்க விரிங்க

ஏற்காட்டுல டென்ட் அடிச்சு, பக்கத்துல நாய் அமைதியா உக்காந்து மலைய பாக்கற மாதிரி ரீல்ஸ் போட்டுடறாங்க, அத பாத்துட்டு "எங்க பப்பியவும் இப்படி கூட்டிட்டுப் போலாமா"ன்னு நிறைய பேர் கேக்கறாங்க. தாராளமா போலாம். ஆனா அந்த நாய் அங்க சும்மா உக்காரல, வீட்ல தெனமும் உக்காந்து பழகினதால உக்காந்திருக்கு. கேம்பிங்குக்குன்னு தனியா ஒரு ட்ரெயினிங் எல்லாம் கிடையாதுங்க. வேளாவேளைக்கு சாப்பிடறது, கூப்ட்டா வர்றது, சொன்ன எடத்துல இருக்கறது, இந்த மூணும் வீட்ல ஒழுங்கா இருந்தா மலைலயும் இருக்கும், வீட்ல இல்லன்னா மலைல கண்டிப்பா இருக்காது. அதனால இதுல முக்கால்வாசி வீட்டு விஷயம் தான், டென்ட் கடைசில தான் வரும்.

நான் சொல்றது எல்லாம் நாட்டு நாய மனசுல வச்சு. எங்க வீட்டு மணி தெருவுல பொறந்த குட்டி தான், சேலம் வெயில்ல வளர்ந்தது. லேப்ரடார், கோல்டன் வச்சிருக்கறவங்களுக்கும் பெரும்பாலும் இதே தான். பக், புல்டாக் மாதிரி மூக்கு அமுங்கின நாய்ங்களுக்கு சூடு தாங்காது, மூச்சு வாங்கும், அதுங்கள வெயில் காலத்துல வெளில கூட்டிட்டு அலையாதீங்க. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி வச்சிருக்கீங்கன்னா இன்னொரு சங்கதி, அதெல்லாம் வேட்டைக்குன்னு வளர்த்த ஜாதி, கண்ணுல ஒரு முயல் பட்டா போதும், நீங்க கத்தறது காதுலயே விழாது, அதனால திறந்த வெளில கயிறு இல்லாம விடறத மறந்துடுங்க.

குட்டியா இருக்கும்போது

ஆறு எட்டு வாரத்துல முதல் தடுப்பூசி, அப்புறம் மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவ, 16 வாரம் வரைக்கும் தொடரணும். பார்வோ, டிஸ்டெம்பர்ங்கற வைரஸ் நோய், எலி மூத்திரத்துல பரவற லெப்டோ, இதுக்கெல்லாம் தடுப்பு இதுலயே வந்துடும். ரேபிஸ் ஊசி மூணு மாசத்துல, அப்புறம் ஒரு பூஸ்டர், அதுக்கப்புறம் வருஷா வருஷம். பூச்சி மாத்திரை சின்னதுல அடிக்கடி, பெருசானதும் மூணு மாசத்துக்கு ஒரு தடவ. அந்த ஊசி போட்ட புக்க பத்திரமா வச்சுக்கோங்க, பின்னாடி டிராவலுக்கு வேணும். சென்னைல இருக்கறவங்க மாநகராட்சி லைசென்ஸும் எடுக்கணும், அதுக்கும் ரேபிஸ் ஊசி சர்டிபிகேட் கேப்பாங்க, இப்ப தோலுக்கு அடில வைக்கற அடையாள மைக்ரோசிப்பும் கட்டாயம்.

ஊசி முடியற வரைக்கும் தெரு மண்ணுல விடாதீங்கன்னு டாக்டர் சொல்வாரு, அது பார்வோவுக்காக, அந்த வைரஸ் மண்ணுல மாசக்கணக்குல உயிரோட இருக்கும். ஆனா இதக் கேட்டுட்டு நாலு மாசம் வீட்டுக்குள்ளயே பூட்டி வச்சிடறாங்க, அது தான் பெரிய கோளாறு. குட்டிக்கு மூணு வாரத்துலேர்ந்து பதினாலு வாரம் வரைக்கும் தான் உலகத்த பத்தின பயம் கம்மி, அப்ப பாத்தது கேட்டது எல்லாம் "சரி, இது நம்ம ஊர்ல இருக்கற விஷயம்"னு மண்டைல ஏறிடும். அதனால தோள்ல தூக்கிக்கிட்டு போங்க. பஸ் ஹாரன், குக்கர் விசில், மிக்ஸி, கோயில் திருவிழா ஸ்பீக்கர், ஹெல்மெட் போட்ட ஆளு, குடை புடிச்ச பாட்டி, மாடு, எல்லாத்தையும் தூரத்துல இருந்து காட்டுங்க, பயந்தா ரெண்டடி பின்னாடி வாங்க, ஒரு துண்டு ஈரல் குடுங்க, அவ்ளோ தான். இந்த வேலைய விட்டுட்டு ஒரு வயசுக்கு மேல நாய மலைக்குக் கூட்டிட்டுப் போனா டென்ட் துணி காத்துல படபடன்னு அடிக்கற சத்தத்துக்கே நடுங்கும்.

ஒண்ணுக்கு ரெண்டுக்கு பழக்கறது ரொம்ப சிம்பிள், ஆனா சோம்பேறித்தனம் கூடாது. தூங்கி எழுந்ததும், சாப்ட்டு பத்து இருவது நிமிஷத்துல, விளையாடி முடிச்சதும், இந்த மூணு நேரத்துலயும் ஒரே எடத்துக்கு கூட்டிட்டுப் போங்க, அங்க போனதும் அந்த நொடியே பாராட்டுங்க. குட்டி எத்தன மாசமோ அதோட ஒண்ணு கூட்டிக்கோங்க, அத்தன மணி நேரம் தான் அதிகபட்சம் அடக்கும், மூணு மாசக் குட்டின்னா நாலு மணி நேரம், அதுவும் பகல்ல கஷ்டம். வீட்டுக்குள்ள போயிட்டா மூஞ்சிய அதுல தேய்க்கறது, அடிக்கறது எல்லாம் பழைய காலத்து முட்டாள்தனம், அதுக்கு புரியறது ஒண்ணே ஒண்ணு தான், இவங்க முன்னாடி போனா அடி விழும், சோஃபா பின்னாடி போய் போனா விழாது. அப்புறம் வீடு தொடைக்கற பினாயில், அது காயற வரைக்கும் குட்டிய அந்தப் பக்கம் விடாதீங்க, கால நக்கும், அது உள்ள போனா கெடுதல்.

அஞ்சு வார்த்த போதும்

வா, உக்காரு, இரு, விடு, எடம். இந்த அஞ்சு தெரிஞ்ச நாய எங்க வேணா கூட்டிட்டுப் போலாம். ஷேக் ஹேண்ட் குடுக்கறது, உருளறது எல்லாம் மாமா அத்தை வந்தா காட்டறதுக்கு, அது அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல வீட்ல எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணுங்க, எந்த வார்த்தன்னு. அப்பா "கம்"ங்கறாரு, அம்மா "டேய் இங்க வாடா"ங்கறாங்க, தம்பி விசில் அடிக்கறான், நாய் என்ன பண்ணும் பாவம். ஒரு பேப்பர்ல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டுங்க, வேலைக்கு வர்ற அக்காவுக்கும் சொல்லிடுங்க.

லஞ்சம் குடுக்கணும், அதுல வெக்கப்படாதீங்க. கோழி ஈரல வேக வச்சு, கொண்டக்கடலை சைஸ்ல வெட்டி, தவால எண்ணெய் இல்லாம லேசா வறுத்து டப்பால போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சா நாலு நாள் வரும். கடைல விக்கற ட்ரீட்ட விட இதுக்கு தான் மணி உயிர விடுவான். ஆனா ஈரல் அளவா தான், மொத்த சாப்பாட்டுல பத்துல ஒரு பங்குக்குள்ள இருக்கணும், வைட்டமின் ஏ ஜாஸ்தி.

"வா" சொல்லித் தர்றதுல ஒரே ஒரு சட்டம்: கூப்ட்டு வந்த நாய எந்தக் காரணத்துக்கும் திட்டக் கூடாது. செருப்ப கடிச்சு வச்சிருக்கும், நீங்க கோவத்துல கூப்டுவீங்க, வந்ததும் ரெண்டு வைப்பீங்க, முடிஞ்சது கதை, அடுத்த தடவ கூப்ட்டா அது ஓடும். குளிப்பாட்டணும், மருந்து போடணும்னாலும் நீங்க தான் அதுகிட்ட போகணும். வீட்டுக்குள்ள ரெண்டு ரூம் தள்ளி நின்னு கூப்டறதுல ஆரம்பிங்க, அப்புறம் மொட்டை மாடி, அப்புறம் பத்து மீட்டர் நீளக் கயிறு கட்டி மைதானத்துல. வந்த ஒவ்வொரு தடவையும் ஈரல். பாதி தடவ திரும்பவும் விளையாட விட்டுடுங்க, இல்லன்னா "வா"ன்னா வீட்டுக்குப் போற நேரம்னு கண்டுபுடிச்சிடும், அதுங்க நம்ம விட புத்திசாலி.

"விடு" தான் உயிர காப்பாத்தற வார்த்த. மூடின கைக்குள்ள ஒரு துண்டு வைங்க, மோந்து பாக்கும், நக்கும், பிராண்டும், நீங்க அசையவே கூடாது, எப்ப மூஞ்சிய பின்னாடி எடுக்குதோ அப்ப "விடு"ன்னு சொல்லி இன்னொரு கைலேர்ந்து குடுங்க. கைக்குள்ள இருக்கறத என்னைக்கும் குடுக்காதீங்க. ஒரு வாரத்துல கைய திறந்தே வைக்கலாம், அப்புறம் தரைல வைக்கலாம், அப்புறம் ரோட்டுல கெடக்கற பிரியாணி எலும்பு வரைக்கும் வேலை செய்யும். மலைல போன குரூப் தூக்கிப் போட்ட கபாப் குச்சி, தேரை, செத்த எலி, எல்லாத்துக்கும் இந்த ஒரு வார்த்த தான்.

கயித்துல இழுத்துக்கிட்டு போற பிரச்சனைக்கு கயிறு டைட் ஆனதும் நின்னுடுங்க, திரும்பிப் பாத்து லூஸ் ஆனதும் நடங்க. முதல் நாலு நாள் தெரு முனைய தாண்ட மாட்டீங்க, பக்கத்து வீட்டு அண்ணன் "என்னங்க நாய் உங்கள வாக்கிங் கூட்டிட்டுப் போகுதா"ன்னு கேப்பாரு, கேக்கட்டும். கழுத்து பட்டைய விட நெஞ்ச சுத்தி மாட்டற ஹார்னஸ் நல்லது, இழுத்தா தொண்டைல அழுத்தாது.

அந்த சாக்கு

இப்ப தலைப்புல சொன்ன விஷயத்துக்கு வரேன். கடைல கெடைக்கற கோணி சாக்கு ஒண்ணு வாங்கி, நல்லா துவைச்சு காய வச்சு, நாலா மடிச்சு ஓரம் தச்சுக்கோங்க. டாக் பெட்னு ஆயிரக்கணக்குல குடுத்து வாங்கறது ரெண்டே நாள்ல பஞ்சு பஞ்சா பிச்சிடும், சாக்கு தாங்கும், வெயில்ல நனைச்சுப் போட்டா குளுகுளுன்னு இருக்கும், மடிச்சு பையில வைக்கலாம், அழுக்கானா துவைக்கலாம்.

சாக்க விரிங்க, அதுல ஒரு கால் வச்சா ஒரு துண்டு, நாலு காலும் வச்சா இன்னொண்ணு, உக்காந்தா இன்னொண்ணு, படுத்தா ரெண்டு மூணு சேர்த்து. "எடம்"னு சொல்லி சாக்க காட்டுங்க. முதல்ல பத்து செகண்ட் படுத்தா போதும், அப்புறம் நீங்க காபி குடிக்கற நேரம், அப்புறம் எல்லாரும் சாப்டற நேரம் முழுக்க. சாக்குல இருக்கும்போது யாரும் போய் தொந்தரவு பண்ணக் கூடாது, குறிப்பா சின்னப் பசங்க, அது அதோட வீடு. சாக்குலேர்ந்து எழுந்து வந்தா திட்டாம திரும்ப கொண்டு போய் விடுங்க, அவ்ளோ தான். ரெண்டு மாசம் இத தெனமும் ஒரு வேளையாச்சும் பண்ணினா அந்த சாக்க எங்க விரிச்சாலும் நாய் அதுல போய் படுக்கும். சொந்தக்காரங்க வீடு, டாக்டர் கிளினிக், கார் பின் சீட்டு, டென்ட்டு. அதோட வாசனை இருக்கற துணி அதுக்கு கூடவே வரும்போது புது எடம் பாதி பழைய எடம் ஆயிடுது. இத பண்ணாம டென்ட் வாங்கறது வெட்டி செலவு, என் அபிப்பிராயம்.

சாப்பாடு

நம்ம வீடுகள்ல நாய் சாப்பாடுன்னா ரெண்டு கட்சி. ஒண்ணு, பாக்கெட் தீவனம் மட்டும். இன்னொண்ணு, மிச்சம் மீதி சாம்பார் சாதம். பாக்கெட் தப்பில்ல, நல்ல கம்பெனியா பாத்து, முதல்ல எழுதியிருக்கற பொருள் கறியா இருக்கான்னு பாத்து வாங்கினா வேலை மிச்சம். பிரச்சனை ரெண்டாவது கட்சில தான். சாம்பார்ல வெங்காயம் இருக்கு, ரசத்துல பூண்டு இருக்கு, ரெண்டும் நாயோட ரத்த சிவப்பணுவ உடைக்கும், வேக வச்சாலும் பொடியா இருந்தாலும் அதே தான். ஒரு நாள்ல தெரியாது, கொஞ்சம் கொஞ்சமா ரத்தம் கொறஞ்சு நாய் சோர்ந்து போகும். பாயாசத்துல போடற உலர் திராட்சை கிட்னிய காலி பண்ணிடும், எவ்ளோ தின்னா ஆபத்துன்னு அளவே சொல்ல முடியாது, ஒரு நாய்க்கு ஒண்ணும் ஆகாது, இன்னொண்ணுக்கு கொஞ்சமே போதும். சாக்லேட்டும் விஷம், டார்க் சாக்லேட்னா இன்னும் மோசம். சுகர் ஃப்ரீ சூயிங்கம்ல இருக்கற சைலிட்டால்ங்கற இனிப்பு கொஞ்சம் போனாலே ரத்தத்துல சுகர் சடார்னு இறங்கிடும்.

பாட்டி கேப்பாங்க, "அந்தக் காலத்துல எல்லாத்தையும் தான் போட்டோம், நாய் நல்லா தான இருந்துச்சு?" அந்தக் காலத்து நாய் எத்தன வருஷம் இருந்துச்சுன்னு யாரும் கணக்கு வைக்கல பாட்டி, அதான் விஷயம்.

வீட்ல சமைக்கறதா இருந்தா இப்படி. எலும்பு எடுத்த கோழிக் கறி, குடல், முட்டை, மத்தி மீன், எது விலை கட்டுதோ அது பாதிக்கு மேல. மிச்சத்துல சாதம் இல்ல கேழ்வரகு, பரங்கிக்காய், கேரட், பீன்ஸ். உப்பு காரம் தாளிப்பு எதுவும் வேணாம், மஞ்சத்தூள் ஒரு சிட்டிகை போட்டா பரவால்ல. வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு அதோட வெயிட்ல நூத்துக்கு ரெண்டுலேர்ந்து மூணு பங்கு, அதாவது 15 கிலோ நாய்க்கு சுமார் 300லேர்ந்து 450 கிராம், ரெண்டு வேளையா பிரிச்சு. இதுல எல்லாரும் விட்டுடற ஒண்ணு கால்சியம். கறிலயும் சாதத்துலயும் அது கிடையாது. முட்டை ஓட்ட கொதிக்க வச்சு, காய வச்சு, மிக்ஸில மாவா அரைச்சு, அரை கிலோ சாப்பாட்டுக்கு அரை டீஸ்பூன் போடுங்க. வளர்ற குட்டிக்கு மட்டும் டாக்டர கேட்டு தான் போடணும், கூடினாலும் எலும்பு வளைஞ்சிடும். மூணு மாசக் குட்டிக்கு நாலு வேளை, ஆறு மாசம் வரைக்கும் மூணு, அப்புறம் ரெண்டு.

எலும்பு போடாதீங்க, வெந்த எலும்பு. வெந்த கோழி எலும்பு ஊசி ஊசியா ஒடஞ்சு குடல்ல குத்தும். பால் பிஸ்கட், அது தமிழ்நாட்டோட தேசிய நாய் உணவு, ஆனா பெரும்பாலான நாய்ங்களுக்கு பால் செரிக்காது, வயித்தால போகும், பிஸ்கட்ல மைதாவும் சக்கரையும் தான். தயிர் சாதம் ஒத்துக்கும், வெயில்ல நல்லதும் கூட, தாளிக்காம உப்பு போடாம குடுங்க.

அரை மணி நேரத்துல சாப்டலன்னா தட்ட எடுத்துடுங்க, அடுத்த வேளைக்கு தான் அடுத்தது. நாள் முழுக்க தட்டுல வச்சே இருந்தா எப்ப பசிக்குது எப்ப ஒடம்பு சரியில்லன்னு உங்களுக்கே தெரியாது. மலைக்குப் போனாலும் இதே நேரம் இதே சாப்பாடு தான், வாழ்க்கைல முதல் தடவ புது பாக்கெட் தீவனத்த கேம்ப்ல பிரிச்சீங்கன்னா ராத்திரி மூணு மணிக்கு டென்ட்டுக்குள்ள வயித்தால போகும், நல்லா அனுபவிப்பீங்க. சாப்பாட்ட மாத்தணும்னா ஒரு வாரம் எடுத்து கொஞ்சம் கொஞ்சமா கலந்து மாத்துங்க.

வெயில்

மே மாசம், அதுவும் அக்னி நட்சத்திரம் நடக்கும்போது, காலைல ஏழு மணிக்கு முன்னாடி, சாயங்காலம் இருட்டினதும், இது ரெண்டு தான் வாக்கிங் நேரம். ரோட்டுல புறங்கைய அஞ்சு செகண்ட் வைங்க, உங்களால தாங்க முடியலன்னா அது காலும் தாங்காது. நாய்க்கு நம்மள மாதிரி வேர்க்காது, மூச்சு வாங்கி தான் சூட்ட எறக்கும். நார்மல் டெம்பரேச்சரே 101லேர்ந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட், 104 தாண்டினா ஆபத்து. நாக்கு அடர் சிவப்பா தொங்கி, எச்சில் நூலா வடிஞ்சு, தள்ளாடினா உடனே நிழலுக்கு கொண்டு போய் ஒடம்பு முழுக்க குழாய்த் தண்ணி ஊத்தி ஃபேன் போடுங்க, ஊத்திக்கிட்டே டாக்டருக்கு போன் பண்ணுங்க. நனைச்ச துணிய மேல போத்தி அப்படியே விட்டுடாதீங்க, அது சூட்ட உள்ளயே வச்சிடும். பார்க்கிங்ல கார்ல பூட்டிட்டு "அஞ்சு நிமிஷம்"னு கடைக்குப் போறதெல்லாம் வேணவே வேணாம், கண்ணாடிய கொஞ்சம் எறக்கி விட்டாலும் உள்ள அடுப்பு தான்.

சரி, இப்ப மலை

ஒரு வயசு ஆகட்டும், ஊசி எல்லாம் முடியட்டும், அஞ்சு வார்த்தையும் தெருவுல வேலை செய்யுதான்னு பாருங்க. அப்புறம் டென்ட்ட மொட்டை மாடில அடிங்க. முதல் நாள் கதவ திறந்து வச்சு உள்ள சாக்க விரிச்சு சாப்பாட உள்ளயே குடுங்க. ரெண்டாவது நாள் நீங்களும் உள்ள உக்காருங்க, ஜிப்ப மேலயும் கீழயும் இழுத்து அந்த சர்ர்ர் சத்தத்துக்கு ஈரல் குடுங்க. அப்புறம் ஒரு ராத்திரி முழுக்க மாடிலயே தூங்குங்க. தெருநாய் கொலைக்கறது, பால்காரர் வண்டி, எல்லாத்துக்கும் எழுந்து கத்துதா, இல்ல நீங்க கை வச்சதும் படுத்துக்குதா, இங்கயே தெரிஞ்சிடும். மாடில தூங்காத நாய் மலைல தூங்காது. போறதுக்கு முன்னாடி நகத்த வெட்டிடுங்க, டென்ட் தரை ஒரே கீறல்ல போயிடும்.

எடம் பாத்துக்கங்க, இது முக்கியம். சரணாலயம், புலிகள் காப்பகம், முதுமலை, ஆனைமலை, களக்காடு, இங்கெல்லாம் நாய கூட்டிட்டுப் போகக் கூடாது, கெஸ்ட் ஹவுஸ்காரர் "ஒண்ணும் ஆகாது சார்"னு சொன்னாலும் கூடாது. இது சும்மா ரூலுக்காக சொல்றது இல்ல. நாய்க்கு வர்ற டிஸ்டெம்பர் வைரஸ் காட்டு மிருகத்துக்கும் பரவும், 2018ல கிர் காட்டுல அந்த வைரஸ்ல சிங்கங்க செத்துச்சு. நம்ம நாய் மோப்பம் புடிச்சு ஓடினா மான் குட்டிய தொரத்தும், சிறுத்தைக்கு நாய்ன்னா அல்வா. அதனால தனியார் எஸ்டேட், காபி தோட்டம், இல்ல வேலி போட்ட கேம்ப் சைட்டா பாருங்க, போன்லயே மூணு கேள்வி கேளுங்க: நாய அனுமதிப்பீங்களா, உங்க நாய் அங்க அவுத்து விட்டிருக்கா, சுத்துவட்டாரத்துல சிறுத்தை நடமாட்டம் உண்டா. டென்ட்டுக்கு அனுமதி வாங்கியிருக்காங்களான்னும் கேட்டுடுங்க. ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மேலேர்ந்து இ-பாஸ் வேணும், அத முன்னாடியே எடுத்துடுங்க.

முதல் தடவைக்கு ஏலகிரி நல்லது, 14 கொண்டை ஊசி வளைவு தான். ஏற்காடு 20, பரவால்ல. கொல்லிமலை 70, கார்ல வாந்தி எடுக்கற நாயோட அந்தப் பக்கமே போகாதீங்க, அந்த நாத்தம் கார விட்டு போக ரெண்டு மாசம் ஆகும். கெளம்பறதுக்கு நாலு மணி நேரம் முன்னாடி கடைசி சாப்பாடு, தண்ணி குடுக்கலாம். ஹார்னஸ கார் சீட் பெல்ட்டோட மாட்டுங்க, தலைய ஜன்னலுக்கு வெளில விட விடாதீங்க, கண்ணுல தூசி கல்லு அடிக்கும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ நிறுத்தி நடக்க விடுங்க. நம்ம போடற வாந்தி மாத்திரைய நீங்களா குடுக்காதீங்க, டாக்டர்கிட்ட கேட்டா நாய்க்குன்னே இருக்கறத எழுதித் தருவாரு. ரயில்ல போறவங்க ஏசி ஃபர்ஸ்ட் கிளாஸ்ல கூபேயோ கேபினோ முழுசா புக் பண்ணா தான் கூட வச்சுக்க முடியும், இல்லன்னா கார்டு வேன்ல இருக்கற பொட்டிக்குள்ள தான் போகணும், அதுக்கு கார் எவ்வளவோ மேல்.

பையில என்ன வைக்கணும்னா, சாக்கு, ரெண்டு ஸ்டீல் கிண்ணம், ஒரு வேளைக்கு மேல கூடுதலா சாப்பாடு, வீட்டுத் தண்ணி ஒரு பெரிய கேன், நீளக் கயிறு ஒண்ணு சின்னக் கயிறு ஒண்ணு, டார்ச்சு, பெட்டடைன், பஞ்சு, கட்டுத்துணி, உண்ணி எடுக்க ட்வீசர், பழைய பெட்ஷீட் ரெண்டு, மலம் அள்ள கவர், ஊசி புக். கழுத்துப் பட்டைல உங்க போன் நம்பர் எழுதின டேக். போனவுடனே முதல் வேலை, அந்த ஊருக்குப் பக்கத்துல கால்நடை மருத்துவமனை எங்க, ராத்திரில யாரு இருப்பாங்கன்னு விசாரிச்சு நம்பர சேவ் பண்ணிக்கிறது. சிக்னல் இல்லாத எடத்துல தேட முடியாது.

எறங்கினதும் ஓட விடாதீங்க. கயித்தோட கேம்ப் சைட்ட ஒரு ரவுண்டு சுத்துங்க, மோந்து பாக்கட்டும், அது தான் அதுக்கு ஊர் சுத்திப் பாக்கறது. அங்க இருக்கற நாய்ங்க கொலைச்சுக்கிட்டு வரும், அது அதுங்க ஏரியா, நம்மாளு விருந்தாளி, அதனால தூரமா சுத்திப் போங்க, டென்ட் பக்கத்துல அதுங்களுக்கு சோறு போடாதீங்க, அப்புறம் சாப்பாட்டுக்கு சண்டை தான். சண்டைல கடி பட்டுச்சுன்னா ஊசி போட்ட நாயா இருந்தாலும் காயத்த சோப்பு போட்டு கால் மணி நேரம் ஓடற தண்ணில கழுவிட்டு டாக்டர்கிட்ட ரேபிஸ் பூஸ்டர் பத்தி கேக்கணும். உங்க மேல கடியோ கீறலோ பட்டா நீங்களும் அதே மாதிரி கழுவிட்டு ஆஸ்பத்திரி போங்க.

நீளக் கயித்த மரத்துல கட்டறப்ப ஹார்னஸ்ல மாட்டுங்க, கழுத்துல மாட்டாதீங்க, நெருப்புக்கு எட்டாத தூரமா இருக்கணும். ஓடைத் தண்ணி குடிக்க விடாதீங்க, தேங்கின தண்ணில எலி மூத்திரம் வழியா லெப்டோ வரும், அட்டை மூக்குக்குள்ள ஏறிக்கிட்டு நாள் கணக்குல ரத்தம் குடிக்கும். கால்ல ஏறின அட்டைய நகத்தால பக்கவாட்டுல தள்ளினா விட்டுடும். தேரைய வாயில கவ்விட்டா எச்சில் நொரையா கொட்டும், ஈரத் துணியால வாய உள்பக்கம் தொடச்சு தொடச்சு எடுங்க, தண்ணிய தொண்டைக்குள்ள ஊத்தாதீங்க.

பாம்பு. புல்லு உயரமா இருக்கற எடம், கல்லுக் குவியல், வெறகு அடுக்கு, இங்க மூக்க விட விடாதீங்க, இருட்டினா டார்ச் இல்லாம நடக்காதீங்க. கடிச்சுட்டா கட்டுப் போடறது, கீறறது, மஞ்சள் வைக்கறது எதுவும் வேணாம். நடக்க விடாம தூக்கிக்கிட்டு நேரா கால்நடை ஆஸ்பத்திரி. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேர்த்து இருக்கற அதே விஷமுறிவு மருந்து தான் நாய்க்கும், அதனால எந்தப் பாம்புன்னு தேடிக்கிட்டு நேரத்த வீணாக்காதீங்க.

சாயங்காலம் நீங்க சிக்கன் சுடுவீங்க, அதுக்கு முன்னாடியே அதுக்கு சாப்பாடு குடுத்துட்டு "எடம்" சொல்லுங்க. இத்தன மாசம் உழைச்சதுக்கு பலன் இங்க தான் தெரியும். மசாலா தடவின கறில வெங்காயம் பூண்டு இருக்கு, அதுக்கு வேணும்னா மசாலா தடவறதுக்கு முன்னாடியே ரெண்டு துண்டு தனியா எடுத்து வச்சு சுட்டுக் குடுங்க, எலும்பு இல்லாம. குச்சி, எலும்பு எல்லாத்தையும் எண்ணி ஒரு கவர்ல கட்டி கார்ல பூட்டுங்க. கூட வந்த ஃப்ரெண்டு "ஒரு பீஸ் தான மச்சான்"னு போடுவான், அவனையும் முதல்லயே ட்ரெயின் பண்ணிடுங்க.

ராத்திரி நாய் டென்ட்டுக்குள்ள தான், வெளில கட்டிப் போடற பேச்சே கிடையாது, சிறுத்தைக்கு நீங்களே பந்தி வச்ச மாதிரி ஆயிடும். குட்டை முடி நாய்ங்களுக்கு மலைக் குளிர் புதுசு, மார்கழில போனா சாக்குக்கு மேல பெட்ஷீட், அதுக்கு மேல இன்னொண்ணு. நடுராத்திரி ஏதோ சத்தத்துக்கு உறுமினா திட்டாதீங்க, கை வச்சு மெதுவா "சரிடா"ன்னு சொல்லுங்க, ஜிப்ப திறந்து என்னன்னு பாக்க அத வெளில விடாதீங்க. ஒண்ணுக்கு போகணும்னா சின்னக் கயிறு, டார்ச், டென்ட்டுக்கு நாலடி தள்ளி, முடிச்சிட்டு உடனே உள்ள.

திரும்பி வந்த அப்புறம்

காதுக்குள்ள, காது மடிப்புல, விரல் இடுக்குல, அக்குள்ல, வாலுக்கு அடில உண்ணி இருக்கான்னு வெளிச்சத்துல படுக்க வச்சு தேடுங்க. ட்வீசரால தோலோட ஒட்டி புடிச்சு நேரா மேல இழுங்க, நசுக்காதீங்க, மண்ணெண்ணெய் ஊத்தாதீங்க, தோல் வெந்து போயிடும். போறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டு உண்ணி மாத்திரை குடுத்திருந்தா இந்த வேலை பாதியா கொறையும், மாசத்துக்கு ஒண்ணு குடுக்கறதும் இருக்கு, மூணு மாசத்துக்கு ஒண்ணும் இருக்கு.

உண்ணிக் காய்ச்சல் அன்னைக்கே வராது, மூணு வாரம் வரைக்கும் ஆகலாம், அதனால டிரிப் போன தேதிய காலண்டர்ல குறிச்சு வைங்க. சாப்பாட்டுக்கு வராம படுத்தே இருக்கு, காய்ச்சல் அடிக்குது, ஈறு வெளுத்துப் போயிருக்கு, மூக்குல ரத்தம் வருது, ஒண்ணுக்கு டிகாஷன் கலர்ல போகுது, இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் அன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் மலைக்குப் போன கதைய சொல்லி ரத்த டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க, சீக்கிரம் கண்டுபுடிச்சா மருந்துலயே சரியாகற நோய் தான். காய்ச்சல் தானேன்னு வீட்ல இருக்கற பாராசிட்டமால் மாத்திரைய மட்டும் பாதி உடைச்சுக்கூட குடுத்துடாதீங்க, ஈரல அடிச்சிடும்.